முருங்கன் களி ஏற்றி வந்த கோச்சி

எங்கள் ஊர் மண் சிவப்பு. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று எந்தத் தோட்டத்தில் கால் வைத்தாலும் குதிக்கால் சிவக்கும். அதனால் தண்டவாளக் கரையில் கரிய மண்கட்டி ஒன்று கிடந்தால் தூரத்திலேயே கண்ணில் படும். அது முருங்கன் களி. மூடியில்லாத வாகன்களில் குவித்து வரும் களி, கடவைகளில் குலுங்கும்போது சிந்தும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் அதைப் பொறுக்கிச் சிரட்டையில் தண்ணீர் விட்டுப் பிசைவோம். செம்மண்ணில் உருவம் பிடிக்க வராது, காயும்போதே உதிர்ந்துவிடும். முருங்கன் களி அப்படியல்ல. விரலிடுக்கில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். எருது செய்தால் கொம்பு நிற்கும். வண்டில் செய்தால் சில்லு சுழலும். வெயிலில் வைத்துவிட்டால் மட்டும் மறுநாள் தலை முதல் வால் வரை வெடித்துக் கிடக்கும்.

"மோனை, உந்தக் கறுத்த மண்ணோடை வீட்டுக்குள்ளை வராதை" என்று அம்மா கிணற்றடியில் நின்றபடி குரல் கொடுப்பா.

ஐயா சுன்னாகம் ஸ்ரேசன் குட்ஷெட்டில் கிளாக்கர். அந்தக் களி எங்கே போகிறது, ஏன் போகிறது என்று எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. நிலத்துக்குக் கீழே வேண்டிய மட்டும் சுண்ணாம்புக்கல் இருந்தது. ஆனால் கல் மட்டும் சீமெந்தாகாது. நாலு பங்கு கல்லுக்கு ஒரு பங்கு களி என்பது பொதுவான கணக்கு. இரண்டையும் அரைத்துச் சூளையில் 1,400 பாகைக்கு மேல் சுட்டால்தான் கிளிங்கர் என்ற கரும்பச்சை உருண்டை வரும். அதனோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. குடாநாட்டில் இல்லாத அந்தக் களி மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருந்தது. "கல்லு எங்கடை, களி மன்னாரின்ரை. ரெண்டும் சேர்ந்தாத்தான் சீமெந்து" என்பார் ஐயா.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். முருங்கனிலிருந்து காங்கேசன்துறை நேர் வடக்கே, இடையில் கடல்நீரேரி. தண்டவாளமோ அப்படிப் போவதில்லை. தலைமன்னார்ப் பாதையில் தென்கிழக்காக மதவாச்சி வரை இறங்க வேண்டும். அங்கே எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் பூட்டி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று வன்னி முழுவதையும் குறுக்கறுத்து மேலே வர வேண்டும். மண் ஏற்றிய வண்டிக்கு யார் அவசரம் காட்டுவார்கள்? எதிரே மெயில் வந்தால் ஒதுங்கி நிற்கும், யாழ்தேவி வந்தாலும் நிற்கும். ஒற்றைப் பாதை, ரப்லெற் வளையம் கைக்கு வந்தால்தான் றைவர் அடுத்த ஸ்ரேசனுக்கு நகரலாம். இப்படி நின்று நின்று வந்த வண்டி எங்கள் கடவையைத் தாண்டும்போது, நாங்கள் வாகன்களை எண்ணுவோம். எண்ணிக்கையில் எனக்கும் தம்பிக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

திரும்பி வரும் வண்டியில் மூடிய வாகன்கள். உள்ளே சீமெந்துப் பை, ஒன்று ஓர் அந்தர், அதாவது 112 இறாத்தல். கதவிடுக்கில் சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். பை மடிப்பு மடிப்பாகத் தடித்த கடதாசி. வெளிமடிப்பில் தூள் பிடித்திருக்கும், உள்மடிப்பு சுத்தமாக இருக்கும். எங்கள் தலைமுறையில் வடக்கில் படித்த பலருக்குப் பாடப்புத்தக உறை அந்த மண்ணிறக் கடதாசிதான். முகர்ந்தால் ஒரு வறண்ட மணம். இன்றைக்கும் புதிதாகக் கட்டும் வீடொன்றைக் கடந்து போனால் எனக்கு இரண்டாம் வகுப்பு நினைவு வருகிறது.

ஆனாலும் என் மனம் அதிகம் போய் நிற்பது தொழிற்சாலை வண்டியில் அல்ல, சுன்னாகம் குட்ஷெட்டில்தான்.

நீளமான தகரக் கொட்டில். வாகனின் தரை மட்டத்துக்கு உயர்த்திய சீமெந்து மேடை. வாசலில் ஆள் உயரத் தராசு. சுன்னாகம் சந்தை எத்தனை பெரியது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கொட்டிலின் பரபரப்பைச் சொல்லத் தேவையில்லை. சந்தை நாளில் மாட்டுவண்டில்கள் வரிசை கட்டும். ஒரு பக்கம் சின்ன வெங்காயச் சாக்கு, ஒரு பக்கம் செத்தல் மிளகாய்ச் சாக்கு. மிளகாய்ச் சாக்கை அசைத்தாலே கொட்டில் முழுக்கத் தும்மல். உள்மூலையில் புகையிலைச் சிப்பங்கள். புகையூட்டிப் பதப்படுத்திய கோடாப் புகையிலையின் வாசம் ஐயாவின் சட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களிலிருந்து சுருட்டுக் கட்டுகள். அவை போன இடங்கள் எல்லாம் தெற்கு. மாத்தறை, காலி, குருநாகல், கண்டி, பதுளை. அந்த ஊர்க் கடைத்தெருக்களில் எங்கள் ஊரார் சுருட்டுக் கடை வைத்திருந்த காலம் அது.

லீவு நாட்களில் ஐயாவோடு போவேன். சாக்கில் பெயர் எழுதும் வேலை எனக்குக் கிடைக்கும். தகரத்தில் வெட்டிய எழுத்துத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மை தோய்த்த தும்பை அழுத்த வேண்டும். எழுத்து விளிம்பில் மை கசிந்தால் ஐயா முகம் சுளிப்பார். "பேர் தெளிவில்லாட்டில் சாமான் வேறை ஊரிலை இறங்கிவிடும், தம்பி. தோட்டக்காரன்ரை நாலு மாத உழைப்பு அது" என்பார். நான் இலங்கையின் புவியியலைப் படித்தது அந்தச் சாக்குகளில்தான். சிங்கள எழுத்துகளில் முதல் பத்தையும் அங்கேதான் கற்றேன். எங்கள் வெங்காயம் தின்பவர்கள் எந்த எழுத்தில் வாசிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த எழுபதுகளின் முற்பகுதி எங்கள் தோட்டங்களுக்குப் பொற்காலம். வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. பல வீடுகள் கிடுகிலிருந்து ஓட்டுக்கு மாறின. அந்த வீடுகளின் சுவரில் இருந்ததும் காங்கேசன்துறைச் சீமெந்துதான். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வெளிநாட்டு மிளகாய் வந்தது, சாக்கு வரிசை குறுகியது. அதற்கு முன்பே லொறிகள் ஒரு பகுதிச் சாமானை எடுத்துக்கொண்டுவிட்டன. லொறி தோட்டத்து வாசலுக்கே வரும், கோச்சி வராது. போர் மட்டும்தான் சரக்கு வண்டியைக் கொன்றது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஐயா ஓய்வு பெறும்போது குட்ஷெட்டின் ஒரு பாதி பூட்டியே கிடந்தது.

இந்தப் பாதையோடு ஒட்டி வளர்ந்த தொழில்கள் வேறும் உண்டு. ஆனையிறவில் உப்பளம், அதற்கு அடுத்தாற்போல் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை. உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். குளோரின் குடிதண்ணீருக்கு, எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும். கிழக்கே வாழைச்சேனையில் வைக்கோலை அவித்துக் கடதாசி செய்த ஆலையும் ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில்தான் இருந்தது. யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் பின்னேரம் ஐஸ் போட்ட மீன்பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். உருகிய நீர் மேடை வழியே ஓடித் தண்டவாளத்தில் சொட்டும். மெயில் அவற்றை விடியற்காலைக் கொழும்புக்குக் கொண்டுபோகும்.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் துண்டு ஓடத் தொடங்கிய பாதை இது. 1905இல் தெற்கோடு இணைந்தது. 1990 யூனில் நின்றது. அதற்குப் பிறகு தண்டவாளம் பங்கருக்குப் போனது, சிலீப்பர் கட்டையும் போனது. இரு தரப்பும் எடுத்தன. 1995 இடப்பெயர்வில் நாங்களும் போனோம். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் வளவுக்குப் பின்னால் பாதை இருந்த மேட்டில் வடலி வளர்ந்திருந்தது. சல்லிக்கல் மட்டும் கிடந்தது. நான் அதில் கரிய மண் தேடினேன். கிடைக்கவில்லை.

2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ஓடியது. அதே வருடம் மார்ச்சில் தலைமன்னார்ப் பாதையும் திறந்தது. காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் அங்கே ரிக்கெற் எடுத்துப் போனேன். பெட்டி நிறையச் சனம், கடவைகளில் கையசைக்கும் பிள்ளைகள். எங்கள் மல்லாகத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. என் அம்மா இந்த நாளைக் காணவில்லை. மாவிட்டபுரம் தாண்டியதும் சீமெந்துத் தொழிற்சாலையின் புகையில்லாத புகைபோக்கி தெரிந்தது. அதன் பக்கத்தில் கல் தோண்டிய பள்ளங்கள்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொழிற்சாலையை அப்படியே திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நாம் குடிக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதே சுண்ணாம்புக்கல்தான். கல்லைத் தோண்டத் தோண்ட நாம் நம் தண்ணீர்த் தொட்டியைத்தான் உடைத்தோம். எங்கள் பிள்ளைப் பருவத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தொழிற்சாலைச் சங்கு கேட்டால் சோறு என்று நினைத்தோம். ஆயிரக்கணக்கான வீடுகளில் அது உண்மையாகவே சோறுதான்.

ஆனால் வெங்காயம் தண்ணீர்த் தொட்டியை உடைப்பதில்லை. உப்பு உடைப்பதில்லை. வாழைக்குலையும் மீனும் பனம்பொருளும் உடைப்பதில்லை. கோச்சி திரும்பி வந்ததைக் கொண்டாடியபோது, அது பெரும்பாலும் ஆளைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும்தான் வந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்கவில்லை. பாதை இருக்கிறது, அது முன்னதைவிட உறுதியானது. இதே நாட்டில் கொலன்னாவையிலிருந்து எண்ணெய் தண்டவாளத்தில்தான் போகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கோ பெரும்பாலும் இரவிரவாகக் கண்டி வீதியில் ஓடும் லொறிதான் வழி. இரவு வண்டியின் பின்னால் மரக்கறிக்கும் மீனுக்கும் குளிரூட்டிய இரண்டு பெட்டிகள் பூட்டுவது பெரிய காரியமல்ல. விவசாயச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து ஒரு முறை அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மல்லாகத்தில் எங்கள் வீட்டை 2016இல் திருப்பிக் கட்டினேன். சீமெந்து தெற்கிலிருந்து லொறியில் வந்து இறங்கியது.