திருத்தப்பட்ட பிழைகளின் கணக்கு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ரயில் பாதையை ஒட்டியே ஃபைபர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு எஸ்டிஎச் ஃப்ரேமை, அதாவது பிட்டுகளை அடுக்கிய ஒரு பொட்டலத்தை, ஏற்றினால், அதன் தலை எண்ணூரைத் தொடும் நேரத்தில் வால் ராயபுரத்தை விட்டே கிளம்பியிருக்காது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஃப்ரேம் ஒன்றுக்கு 125 மைக்ரோசெகண்ட். பெருக்கிப் பார்த்தால் 25 கிலோமீட்டர் நீளம்! டிரான்ஸ்மிஷன் அறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். திரையில் பச்சை விளக்கு மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு, கம்பிக்குள் ஓடுவதற்கு நீளம் உண்டு என்பதே புதுச் செய்தி.

அந்த 125 எங்கிருந்து வந்தது? டெலிபோனிலிருந்து. பேச்சை நொடிக்கு 8,000 முறை அளந்தால் மறுமுனையில் புரியும்படி திரும்பக் கட்டிவிடலாம். ஒவ்வொரு அளவும் ஒரு பைட். முப்பது பேச்சைச் சேர்த்து 2.048 மெகாபிட் ஈ1 ஆக்கினார்கள். 1988-இல் எஸ்டிஎச் தரநிலை வந்தபோதும் அதே தாளத்தைக் கைவிடவில்லை. எஸ்டிஎம்-1 என்பது 9 வரிசை, 270 பத்தி, நொடிக்கு 8,000 ஃப்ரேம்: 155.52 மெகாபிட். எஸ்டிஎம்-64 ஆனாலும் நொடிக்கு 8,000-தான். ஃப்ரேம் பெரிதாகுமே தவிர, ஃப்ரேம் வரும் தாளம் மாறாது. லேண்ட்லைன் வைத்திருந்த வீடுகளே அருகிப்போன காலத்திலும் அந்தத் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

2001-இல் வந்த ஜி.709 தரநிலை, அதாவது ஓடிஎன், இதைத் திருப்பிப் போட்டது. ஃப்ரேமின் அளவு மாறாது. 4 வரிசை, 4,080 பத்தி. வேகம் கூடக் கூட ஃப்ரேமின் நேரம் குறையும். 100 கிகாபிட் ஈதர்நெட்டைச் சுமக்கும் ஓடியு4-இல் ஒரு ஃப்ரேம் 1.168 மைக்ரோசெகண்ட். நீளம் 234 மீட்டர். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரேக்கில் பாதிகூட வராது.

ஃப்ரேமுக்குள் இருக்கும் சரக்கு எங்களுக்குச் சொந்தமில்லை. வங்கிக் கணக்கோ, சினிமாவோ, என்னவென்று தெரியாது, தெரியவும் கூடாது. எங்களுக்கு உரியது ஓவர்ஹெட் மட்டும். அதன் முதல் பைட்டுகள் எஃப்6, 28. ரிசீவருக்கு வந்து விழுவது இடைவெளியே இல்லாத பிட் ஓட்டம். எங்கே ஃப்ரேம் தொடங்குகிறது என்று அதற்கு இந்தப் பைட்டுகள்தான் சொல்ல வேண்டும். அனுப்பும்போது மற்றதையெல்லாம் ஒரு முறைப்படி கலைத்து அனுப்புகிறார்கள், நீளமாகப் பூஜ்யமே வந்து கடிகாரம் தடுமாறக்கூடாது என்பதற்காக. இந்தத் தொடக்கப் பைட்டுகளை மட்டும் கலைப்பதில்லை. தொடக்கம் தெரிந்தால்தானே கலைத்ததை மீட்க முடியும். அவை கிடைக்காமல் 3 மில்லிசெகண்ட் போனால் எல்ஓஎஃப் அலாரம் அடிக்கும். ஒளியே இல்லையென்றால் எல்ஓஎஸ். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனை நான் ஸ்பாட்டுக்கு அனுப்புவதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது டிரேஸ் பைட். அனுப்பும் முனை தன் பெயரை அதில் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருமுறை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் யாரோ ஜேசிபி போட்டுத் தோண்டியதில் 96 ஃபைபர் கேபிள் அறுந்தது. விடிய விடிய ஜாயின்ட் அடித்தார்கள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று வண்ண வரிசை பார்த்து ஒட்டவேண்டிய வேலை, அதுவும் டார்ச் வெளிச்சத்தில். “லைட் வந்துச்சுல்ல சார், பவரும் சூப்பரா கீது. இன்னும் இன்னா?” என்றார் ஸ்ப்ளைசர். பவர் நன்றாகத்தான் இருந்தது. ஃப்ரேமும் பிடித்திருந்தது. ஆனால் டிரேஸில் வந்த பெயர் எங்கள் மறுமுனையுடையது இல்லை, இன்னொரு ஸ்டேஷனுடையது. “லைட் வந்துச்சுண்ணே, ஆள்தான் வேற” என்றேன். ஃபைபர்களைக் கொத்தாக ஏந்தும் இரண்டு டியூப் இடம் மாறியிருந்தது. பவர் மீட்டர் எத்தனை முறை வைத்தாலும் இது தெரிந்திருக்காது.

எஸ்டிஎச்சில் பிழையை எண்ணப் பாரிட்டி பைட்டுகள் உண்டு. எண்ணும், பொதுவாகத் திருத்தாது. அதனால் லைன் கொஞ்சம் நோய்ப்பட்டாலும் வாடிக்கையாளர் கத்துவார். தொல்லைதான், ஆனால் நேர்மையான தொல்லை. ஓடிஎன் ஃப்ரேமிலோ கடைசி 256 பத்தியும் பிழைதிருத்தத்துக்கே ஒதுக்கியது. ரீடும் சாலமனும் 1960-இல் வெளியிட்ட கணிதம் அது. வரிசை ஒவ்வொன்றையும் 255 பைட் கொண்ட பதினாறு கூறாக்கி, கூறுக்கு 239 பைட் விஷயம், 16 பைட் சரிபார்ப்பு. ஒரு கூறில் எட்டுப் பைட் வரை கெட்டாலும் மீட்டுவிடும். பதினாறு கூறையும் பைட் பைட்டாகப் பின்னி அனுப்புவதால், தொடர்ந்தாற்போல் 128 பைட் நாசமானாலும் ஆளுக்கு எட்டு என்று பங்கு போட்டுத் தப்பித்துக்கொள்ளும். பத்தாயிரம் பிட்டுக்கு ஒன்று கெட்டு வந்தாலும் வெளியே போகும்போது சுத்தமாக இருக்கும்.

அற்புதம்தான். சிக்கலும் அதில்தான். லைன் நாளுக்கு நாள் மோசமாகும். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. திரை பச்சையாகவே இருக்கும். திருத்தும் சக்தி தீர்ந்த கணத்தில் மொத்தமாக விழும். ஒன்றுமில்லாததற்கும் எல்லாம் போனதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். ஆகவே இந்தத் தொழிலில் இன்று பார்க்கவேண்டியது நேர்ந்த பிழையை அல்ல, திருத்தப்பட்ட பிழையை. ப்ரீ-ஃபெக் எண் என்போம். அலாரம் பட்டியலில் அது இருக்காது; பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குள் போய்த் தேட வேண்டும்.

இந்தப் பகுதியில் அந்த எண் ஏறுவதற்குக் காரணமா பஞ்சம்? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நின்று எண்ணூருக்குப் போனது. கரித்தூசியும் கூடவே போனது. ஃபைபரின் கோர் 9 மைக்ரான், அதைச் சுற்றிய உறை 125 மைக்ரான் (இந்த 125-க்கும் அந்த 125-க்கும் சம்பந்தமில்லை). கனெக்டர் முனையை ஸ்கோப்பில் வைத்தால், நடுவில் சிறு வட்டம், அதன்மேல் கறுப்பாக ஒரு துகள். கோரைப் பாதி மறைத்திருக்கும். துடைத்துவிட்டு மறுபடி பார்க்காமல் செருகினால் துகள் கண்ணாடியிலேயே அழுந்திக் குழி போடும். ஊதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வாய் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து காய்ந்தால் கரித்தூசியைவிட மோசம்.

ஒரு லிங்க்கில் அந்த எண் இரவில் ஏறி, காலையில் இறங்கிக்கொண்டிருந்தது. தூசி அப்படிச் செய்யாது. வெப்பம் என்றால் பகலில் ஏற வேண்டும். இழப்பு எத்தனை தூரத்தில் என்று காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்து 1310, 1550 நானோமீட்டர் என இரண்டு அலைநீளத்திலும் சுட்டோம். ஜாயின்ட் மோசமென்றால் இரண்டிலும் இழப்பு ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். கேபிள் மடங்கியிருந்தால் 1550-இல் கூடுதலாகக் காட்டும். கூடுதலாகத்தான் காட்டியது. தூரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சாலையோரச் சேம்பர். மூடி உடைந்து சுருட்டி வைத்த கேபிளின்மேல் சாய்ந்திருந்தது. துறைமுகத்துக்கு டிரெய்லர் வரிசை இரவில்தான் நகரும். ஒவ்வொரு கன்டெய்னர் வண்டி ஏறி இறங்கும்போதும் மூடி அழுத்தியிருக்கிறது. மூடியை மாற்றினோம், எண் படுத்துவிட்டது.

இது சாலையோரக் கதை. நீள்தூரத்தில் கணக்கே வேறு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது, சுமார் 2,300 கிலோமீட்டர். இப்போதைய நீள்தூரக் கருவிகளின் பிழைதிருத்தம், நூறு பிட்டில் இரண்டு கெட்டு வந்தாலும் சமாளிக்கும். பிழை இல்லாத லிங்க் என்று அங்கே எதுவும் கிடையாது. எத்தனை மிச்சம் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

எச்சரிக்கை அளவை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் கண்காணிப்பு மையத்துக்கும் ஓயாத வாக்குவாதம். தாழ்வாக வைத்தால் தினமும் நூறு அலாரம் வரும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் உண்டு. எண் எவ்வளவு என்பதைவிட நேற்றைக்கு இன்று எவ்வளவு ஏறியது என்று பாருங்கள் என்பது என் கட்சி. மென்பொருளில் அதற்கு வசதி இல்லை என்கிறார்கள். அது வரும்வரை ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் கோடு போட்டு ஒரு பத்தி ஒதுக்கி, லிங்க் வாரியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். டிரெய்லர் ஓடும் சாலையில் போகும் லிங்க்குகளுக்கு இரவு இரண்டு மணிக்கும் ஒரு தடவை.