கட்டம் போடுகிறவர்கள்

காஞ்சியின் நெசவுப் பகுதியான பிள்ளையார்பாளையத்துக்கு நான் போனது புடவை எடுக்க அல்ல. புள்ளலூர்ப் போரை மேசைமேல் ஆடும் விளையாட்டாக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வீரர்கள், கட்டம் போட்ட பலகை, அரை மணியில் முடியும் கைகலப்பு. காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில், 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் கசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவன் சாளுக்கியப் புலிகேசி என்பது பெரும்பாலோர் கருத்து. வீரர்களின் தோற்றத்துக்குக் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்று போதும். 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டிய கோயில். பல்லவர் வரலாறே அங்கே யானையும் குதிரையும் வாளுமாக வரிசை வரிசையாகச் சிற்பத்தில் நிற்கிறது. பொம்மை செய்யக் கை வேண்டுமென்றால், கொலு பொம்மைக்குப் பேர்போன பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. சிக்கல் கட்டத்தில்தான்.

சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் நகரும் வீரன் ஏமாற்றுகிறான். ஒரு கட்டம் என்று கணக்குக் காட்டிவிட்டு 1.4 கட்டம் நடந்துவிடுகிறான். அறுகோணமாக்கினால் அது சரியாகும், ஆனால் நேராக நிற்க வேண்டிய அணி நெளிந்துவிடும். ஐரோப்பாவிலும் கட்டத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, ஆறு, மலை, சதுப்பு எல்லாவற்றுக்கும் நிறக் கட்டம் வைத்தார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், கட்டமே வேண்டாமென்று நிலப்படத்தில் அளவுகோல் வைத்து நகர்த்தச் சொல்லிவிட்டார். (ஹெல்விக்கின் அதே 1780இல்தான், செப்டம்பர் 10 அன்று, அதே புள்ளலூரில் பெய்லியின் கும்பனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து நொறுக்கினார்கள். காஞ்சியிலிருந்த கும்பனித் தளபதி மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை; கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.)

கட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்களே என்றுதான் ஜக்கார்டு தறிக்குக் கிராஃப் போடும் ஒருவரைத் தேடிப் போனேன். அறுபதைத் தாண்டியவர். சாய்வு மேசையில் பாதி வரைந்த மயில்.

240 கொக்கி உள்ள ஜக்கார்டுப் பெட்டி என்றால் தாளில் குறுக்கே 240 கட்டம். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. வண்ணம் தீட்டிய கட்டத்துக்கு அட்டையில் துளை. துளை இருந்தால் கொக்கி ஏறும், இல்லாவிட்டால் இல்லை. நடுவில் பேரம் கிடையாது. அவர் தாளை உற்றுப் பார்த்தேன்: கட்டங்கள் சதுரமாகவே இல்லை.

"சதுரத்துல போட்டா தறியில மயில் ஒண்ணு நெட்டையாயிடும், இல்ல குட்டையாயிடும் சார். பாவு எவ்ளோ நெருக்கம், ஊடை எவ்ளோ நெருக்கம்னு பார்த்துத்தான் தாள் எடுக்கணும்."

ஜரிகை நீளமாக மிதக்கவும் கூடாதாம். "வளையல்ல மாட்டி இழுத்துக்கும். நடுவுல கட்டு வைக்கணும்." மயிலின் தோகை நடுவே அங்கங்கே அவர் விட்டிருந்த வெற்றுக் கட்டங்கள் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். நெய்பவர் அந்த விதியைத் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. மிதியை மிதித்தால் அட்டை பார்த்துக்கொள்ளும். நான் எழுதி வைத்திருந்த விதிகளோ பதினோரு பக்கம். கூலி அவருக்கு டிசைனுக்குத்தான். அந்த அட்டையில் எத்தனை புடவை இறங்கினாலும் அவருக்கு மேற்கொண்டு எதுவும் வராது. இப்போது பெரும்பாலான வேலை கணினிக்குப் போய்விட்டது. மகன் அதைத்தான் செய்கிறான் என்றார், வருத்தமில்லாமல்.

என் பலகையைக் காட்டினேன். சிரித்தார். "இதுக்கு ஏன் சார் இவ்ளோ கட்டம்? மண்டபத்துல போய்ப் பாருங்க."

தெருக்கோடி மண்டபத்தில், கல்தரையில் கொத்திய ஆடுபுலிக் கோட்டில், தறியை விட்டு ஓய்ந்த இருவர் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உச்சிப் புள்ளி ஒன்று, குறுக்குக் கோடு மூன்றிலும் ஆறாறு, அடியில் நான்கு: மொத்தம் 23 புள்ளி. 3 புலி, 15 ஆடு. ஆட்டை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ நகரலாம், பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. புலியை நகரவிடாமல் அடைப்பது ஒன்றே வழி. மூலைவாட்டுச் சண்டை இங்கே எழவே இடமில்லை. கோடு இருந்தால் போகலாம், இல்லையென்றால் போக முடியாது; தூரத்தை யார் அளக்கப் போகிறார்கள்? புள்ளலூரில் பெய்லிக்கு நேர்ந்ததும் இந்த அடைப்புத்தான். என்ன, புலிச் சின்னக்காரர் திப்பு அன்று ஆடுகளின் பக்கம்.

ஊர் திரும்பியதும் சதுரங்களை அழித்துவிட்டுக் கோடு போட ஆரம்பித்தேன். ஏரிக்கரைக்கு ஒரே கோடு, ஆள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். வயலுக்குள் யானைக்கு மட்டும் கோடு. பதினோரு பக்கம் இரண்டாகச் சுருங்கியது. எத்தனை பேர் விழுந்தால் தோல்வி என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மண்டபத்துக்காரர்களிடம் கேட்டிருந்தேன். ஐந்து ஆடு போனால் ஆட்டம் போச்சு என்றார் ஒருவர். "யார் சொன்னது, ஆறு!" என்றார் மற்றவர். அதைப் பேசித் தீர்த்த பிறகுதான் அடுத்த ஆட்டத்துக்குப் புலியை வைத்தார்கள்.