183-க்கும் 184-க்கும் நடுவில்

"ஸ்பீடா போனா ஃபைன். கட்டிட்டுப் போறேன் மாமா" என்கிறான் அக்கா மகன். நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் வேக வரம்பை மீறினால் 183ஆவது பிரிவு. முதல் தடவை என்றால் அபராதத்தோடு போகும். அடுத்தது 184, அபாயகரமாக ஓட்டுவது. முதல் தடவையே ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கே அதில் கிடையாது. எந்த இடம், ரோடு எப்படி, அந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம், கூட்டம் வர வாய்ப்புண்டா என்றெல்லாம் பார்க்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவரோ ரோட்டோரம் நிற்பவரோ பதறிப்போனாலும் குற்றம்தான். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். நடந்து போகிறவரின் பயத்துக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது.

சென்னையில் டூவீலருக்கு வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருவில் 30. எங்கள் தெரு முனையில் ஸ்கூல் விடும் நேரம் பார்த்துத் தண்ணி லாரி நிற்கும். அதன் மறைவிலிருந்து பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார்கள். அங்கே 30-இல் வந்தாலே எனக்கு வயிறு கலங்கும். 60-இல் வருகிறவன் ஒரு நொடியில் 16 மீட்டர் தாண்டிவிடுகிறான். பிரேக்கைப் பிடிக்கவே அந்த நொடி போய்விடும்.

2023இல் காஞ்சிபுரம் பக்கம் வீலிங் செய்து விழுந்த யூடியூபருக்கு 10 ஆண்டுக்கு லைசென்ஸ் போனது. அவர் பிழைத்துக்கொண்டார்.

பிள்ளைக்கு பைக் வாங்கித் தருகிற அப்பா அம்மாக்களே, சாவியைக் கொடுக்கும் முன் 184-ஐ அவனோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.