நெய்யாற்றின் கரையில் தமிழ் வாசிக்கும் வீடுகள்

தமிழரின் புலம்பெயர் வாழ்வைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் டொராண்டோ, இலண்டன், பாரிஸ், சிங்கப்பூர் ஆகிய நகரங்களையே களமாகக் கொள்கின்றன. தமிழ்நாட்டின் தென்மேற்கு எல்லையான களியக்காவிளையைத் தாண்டியதும் தொடங்கிவிடும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் அந்நூல்களின் பார்வைக்கு வருவது அரிது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களை இருவகையாகப் பிரித்துப் பார்க்கலாம். தலைமுறைகளாக இம்மண்ணிலேயே இருந்து, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தின் குடிமக்களாக ஆனவர்கள் ஒருவகையினர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றது. அதன் ஒரு பகுதியைப் பிரித்தே 2014இல் காட்டாக்கடை வட்டம் அமைக்கப்பட்டது. மற்றொரு வகையினர் வணிகத்தாலும் வேலையாலும், அவற்றைவிட மிகுதியாகத் திருமண உறவாலும், எல்லைக்கு இப்பால் வந்து சேர்ந்தவர்கள். இந்த இரண்டாம் வகையினரின் வீடுகளில், எழுத வேண்டும் என்ற ஆசையோடும் புத்தகப் பற்றோடும் பிள்ளை வளர்ப்போரின் அன்றாட வாழ்வே இக்கட்டுரையின் பொருள்.

தொலைதூர நாடுகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர், தம் பிள்ளைகளுக்கு மொழி கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தால் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறார்கள், நூல்களைக் கப்பலிலும் விமானத்திலும் வரவழைக்கிறார்கள், பேச்சுப் போட்டி வைக்கிறார்கள். எல்லைப்புறக் கிராமத்தில் அந்த அச்சம் எழுவதில்லை. பேருந்தேறினால் தமிழ்நாடு வந்துவிடும்போது, தமிழுக்கென்று தனி ஏற்பாடு எதற்கு என்ற எண்ணமே அங்கு மேலோங்கியிருக்கிறது. ஊருக்கு இத்தனை அருகில் வாழ்வதே மொழிக்குப் பாதுகாப்பு என்று கருதப்படுவதால், மொழியைக் காக்க வேண்டிய வேலையை எவரும் கையில் எடுப்பதில்லை. டொராண்டோவின் குழந்தைக்கு வாய்க்கும் சனிக்கிழமை வகுப்பு காட்டாக்கடையின் குழந்தைக்கு வாய்ப்பதில்லை.

சட்டத்தில் குறையில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று கூறும் அரசியலமைப்பின் 350அ உறுப்பு, 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும் அம்மொழியிலேயே விடை பெறவும் வழிவகுத்தது. கேரள அரசே தமிழ்வழிப் பாடநூல்களை அச்சிடுகிறது. எனினும் பள்ளியில் ஒரு மொழிக்கு வகுப்பு நடக்க வேண்டுமானால் அம்மொழிப் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ரப்பர் தோட்டங்களுக்கு இடையே ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. ஆகவே பெற்றோரே ஆசிரியராகிறார்கள்.

விளவங்கோட்டுப் பக்கத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரி மலரில் ஒன்றிரண்டு கதைகள் எழுதி, மணமாகிக் காட்டாக்கடைக்கு வரும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சு அவளுக்குப் பெரிய தடையாவதில்லை, ஏனெனில் எல்லையின் இருபுறத்துப் பேச்சும் பாதிக்குப் பாதி ஒன்றே. பேருந்தின் பெயர்ப்பலகையும் ரேஷன் கடை அறிவிப்பும் பஞ்சாயத்துப் படிவமுமே தடையாகின்றன. படித்தவளாக இருந்தும் எழுத்தறியாதவளாக ஆகிவிடும் இந்நிலை, நேரில் கண்டோர்க்கன்றி எளிதில் விளங்காது. மலையாள எழுத்தை அவள் பெரும்பாலும் தன் பிள்ளையின் ஒன்றாம் வகுப்புப் பாடநூலிலிருந்தே கற்கிறாள். அதே மேசையில், அதே மாலையில், பிள்ளைக்குத் தமிழ் அகரவரிசையைத் தானே கற்பிக்கிறாள். தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் மாணவராக அமரும் இத்தகைய கல்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறவில்லை.

அக்கல்வியில் நேரும் இடர்களும் தனித்தன்மை கொண்டவை. மலையாள எழுத்தில் ‘கோழி’யின் முதலெழுத்துக்கும் ‘கோபால’னின் முதலெழுத்துக்கும் வெவ்வேறு வடிவம் உண்டு, தமிழில் இரண்டும் ஒரே ‘கோ’. பள்ளியில் எழுத்துக்கு ஓர் ஒலி என்று பழகிவிட்ட பிள்ளை, தமிழ்க் கதையில் வரும் கோபாலனைக் கோழியின் ககரத்தோடு உரக்கப் படித்துவிட்டு, அப்படி ஒருவரும் கூப்பிடுவதில்லையே என்று குழம்புகிறது. சொல்லை முன்பே காதால் அறிந்திருப்பவருக்கே தமிழெழுத்து தன் ஒலியை முழுமையாகக் காட்டும். இதனால் இவ்வீடுகளில் எழுத்துப் பயிற்சிக்கு முன்பாகக் கதை சொல்லலும் உரக்க வாசித்தலும் இன்றியமையாதவை ஆகின்றன. “ஒரு கத பறஞ்சு தா அம்மா” என்று இருமொழியும் கலந்த வாயால் பிள்ளை கேட்கும் அந்த இரவு நேரமே உண்மையான தமிழ் வகுப்பு.

வாசிப்புக்கும் எழுத்துக்கும் கிடைக்கும் நேரத்தை இப்பகுதியில் ரப்பரே பெரிதும் முடிவு செய்கிறது. விடியலில் மரத்தின் பட்டையைச் சீவிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் வடிந்து நிற்க மணிக்கணக்காகும்; அதன் பின்னரே அதைச் சேகரித்து, அமிலம் கலந்து தட்டுகளில் உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட் ஆக்க முடியும். வெட்டுக்கும் பாலெடுப்புக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் சமையலும் பள்ளிக்கு அனுப்புதலும் போக எஞ்சுவதே வாசிக்கவும் எழுதவும் உரியது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், மரத்துக்கு மழைக்காப்பு கட்டாத தோட்டங்களில் வெட்டு நின்றுவிடும். வருமானம் குறையும் அந்த ஜூன் மாதமே வாசிப்புக்கு வாய்ப்பான மாதமாகவும் அமைகிறது. இப்பயிர் எல்லையின் இருபுறமும் நிலத்தையும் மனிதரையும் மாற்றிய விதத்தைத் தமிழில் பெரிய அளவில் பதிவு செய்தது 1990இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘ரப்பர்’ நாவல்.

அதே ஜூன் மாதம் 19ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. அது நூலக இயக்கத்தின் முன்னோடியான பி. என். பணிக்கர் 1995இல் மறைந்த நாள். அவருடைய முயற்சியால் 1945 செப்டம்பரில் அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்கள் ஒன்றுகூடித் தொடங்கிய கிரந்தசாலா சங்கமே பின்னர் கேரளம் முழுவதும் பரவியது. 1989ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் அதற்கு மாநில நூலகக் கவுன்சில் என்ற வடிவத்தைத் தந்தது. தமிழ்நாட்டின் கிளை நூலகம் அரசுத் துறையின் ஓர் அங்கம். கேரளத்தின் வாயனசாலை, அதாவது ஊர் வாசகசாலை, ஊராரே குழு அமைத்து, உறுப்பினர் சந்தா பெற்று, அரசின் மானியத்தையும் சேர்த்து நடத்துவது. இவ்வேறுபாடு வந்து குடியேறியவருக்குப் பெரும் கொடை. அலுவலரிடம் நூல் கேட்டுப் பெறும் இடத்தில் ஒருவர் என்றும் வருகையாளரே. பொதுக்குழுவில் அமர்ந்து எந்த நூலை வாங்குவது என்று பேசும் இடத்தில் அவர் அவ்வூர்க்காரர் ஆகிவிடுகிறார். தமிழ் வாசகிக்குப் புகுந்த ஊரில் கிடைக்கும் முதல் உரிமை இந்த உறுப்பினர் அட்டை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்நூலகத்தில் தமிழ் நூல்கள் ஒரு தட்டுக்கு மேல் இருப்பது அரிது. பல இடங்களில் அதுவும் இல்லை. தமிழ் இதழ்களுக்காகக் களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ போக வேண்டும், அல்லது தாய்வீட்டிலிருந்து வருவோர் கொண்டுவரக் காத்திருக்க வேண்டும். எனினும் மலையாள எழுத்தாளர்களான பஷீரையும் தகழியையும் எம். டி. வாசுதேவன் நாயரையும் மூலத்திலேயே படிக்கும் வாய்ப்பைச் சென்னையின் வாசகர் பெற முடியாது. முதலில் பிள்ளையின் பாடநூலுக்காகக் கற்ற எழுத்து, சில ஆண்டுகளில் ஓர் இலக்கியத்தின் வாயிலாக மாறிவிடுகிறது.

இங்குப் பெற்றோரை வாட்டும் கேள்வி ஒன்றுண்டு: பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளை தமிழில் வாசகராகவோ எழுத்தாளராகவோ வளர முடியுமா? இப்பகுதியின் இலக்கிய வரலாறே அதற்கு விடை சொல்கிறது. எட்டு வயது வரை கோட்டயத்தில் வளர்ந்து பள்ளியில் மலையாளம் படித்த சுந்தர ராமசாமி, தமிழ் எழுதப் படிக்கக் கற்றது ஏறத்தாழப் பதினெட்டு வயதில். 1951இல், இருபது வயதில், புதுமைப்பித்தன் நினைவு மலரைத் தொகுத்து அதில் தம் முதல் கதையை வெளியிட்டார். திருவனந்தபுரத்தில் பிறந்து மலையாளவழியில் பள்ளிப் படிப்பை முடித்த ஆ. மாதவன், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதரைத் தமிழ்க் கதைகளில் நிலைபெறச் செய்து, 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முஹம்மது மீரானும் மலையாளம் படித்தவரே. தொடக்கத்தில் தம் தமிழ்க் கதைகளை மலையாள எழுத்தில் எழுதிப் பின்னர் தமிழெழுத்துக்கு மாற்றியவர், ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997இல் அதே விருதைப் பெற்றார். மூவருக்கும் எழுத்து பிந்தி வந்தது, காது முந்தியிருந்தது. சுந்தர ராமசாமியின் தாய் இலக்கிய இதழ்களை விரும்பி வாசித்தவர் என்பதையும், ஜெயமோகனின் தாய் விசாலாட்சி அம்மா தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் வாசித்தவர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கினால், பள்ளி செய்யாததை வீடு செய்த விதம் தெளிவாகும்.

இதைக் கொண்டு கவலையை ஒதுக்கிவிட இயலாது. அம்மூவரின் வீட்டிலும் தெருவிலும் தமிழ் ஓயாமல் ஒலித்தது. இன்றைய எல்லைப்புறக் குடும்பத்தில் தாய் ஒருத்தியே தமிழ்ப் பேச்சின் ஒரே ஊற்றாக இருக்கும் நிலை பெருகிவருகிறது. பிள்ளை தமிழில் கேட்டதற்கு மலையாளத்தில் விடை சொல்லத் தொடங்கும் வயதில், அவளும் மலையாளத்துக்கு மாறிவிட்டால் பதினெட்டு வயதில் எழுத்துக் கற்க முனைவதற்கான தூண்டுதலே அப்பிள்ளையிடம் எஞ்சாது. எழுத்துப் பயிற்சியைத் தள்ளிப்போடலாம், உரக்க வாசித்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க நடைமுறை முடிவு. எழுத்தாளராக விரும்பும் பெற்றோர்க்கு இதில் மற்றொரு பயனும் உண்டு: தான் எழுதியதைத் தமிழெழுத்து அறியாத தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்போது, காதுக்கு எட்டாத தொடர் எது என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் எழுதுவது இம்மண்ணில் புதியதன்று. நகுலன் என்ற டி. கே. துரைசுவாமி திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே எழுதினார். நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தார். ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்தபடி, பனையேறிகளின் குடும்பத்தைச் சொல்லும் ‘புத்தம் வீடு’ நாவலை 1964இல் வெளியிட்டார். தாம் விட்டுவந்த ஊரின் வாழ்வையும் பேச்சையும் எழுத அவருக்கு அந்தத் தூரம் தடையாக இருக்கவில்லை. இரணியல் செட்டியார்களின் பேச்சு வழக்கிலேயே அமைந்த நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வெளிவந்து, க. நா. சுப்ரமண்யத்தால் ஆங்கிலமாக்கப்பட்டது. எல்லைப்புறத் தமிழ் திருத்தப்பட வேண்டிய தமிழ் என்று எண்ணித் தயங்கும் புதிய எழுத்தாளருக்கு இவ்விரு நூல்களைவிட நல்ல துணை கிடைக்காது.

தொடக்க நிலையில் இருப்போர்க்கு இங்கு இயல்பாகவே அமைந்த பயிற்சிக் களம் மொழிபெயர்ப்பு. சுந்தர ராமசாமி தகழியின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ ஆகிய நாவல்களைத் தமிழாக்கித் தம் நடையைப் பழக்கிக்கொண்டார். ‘திருடன் மணியன்பிள்ளை’ என்னும் மலையாள நூலின் தமிழாக்கத்துக்காகக் குளச்சல் மு. யூசுப் 2018ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருதைப் பெற்றார். ஊர் நூலகத்திலிருந்து ஒரு மலையாளச் சிறுகதைத் தொகுப்பை எடுத்துவந்து, பாலெடுப்புக்கு முன்னுள்ள நேரத்தில் நாளொன்றுக்கு ஒரு பக்கம் தமிழாக்குவதற்குத் தனி அறையோ நீண்ட விடுப்போ தேவையில்லை. ஒட்டுப்பாலும் சிரட்டையும் எவை என்று அகராதியைத் தேடாமலே அறிந்த ஒருவர் செய்யும் மொழிபெயர்ப்பில், தொலைவிலிருந்து செய்பவருக்கு நழுவிப்போகும் நூறு நுண்மைகள் தங்கும். அப்படித் தமிழாக்கிய கதையை நாகர்கோவிலிலிருந்து வரும் ‘காலச்சுவடு’ போன்ற இதழ்களுக்கு அனுப்பலாம், அதே கதையின் மூலத்தைப் படித்த அயல்வீட்டாரோடு ஊர் நூலகத்தில் அமர்ந்து அதைப் பற்றிப் பேசலாம்.