நிறுத்தத் தெரியுமா பாஸ்?

உங்க கிளாஸ்ல ஒருத்தன் இருப்பான். நோட்டோட கடைசிப் பக்கம் பூரா கார் படமா வரைஞ்சு வெச்சிருப்பான். ரோட்டுல இன்ஜின் சத்தம் கேட்டா திரும்பிக்கூடப் பார்க்காம, 'ஸ்விஃப்ட் டீசல்டா'ன்னு சொல்லுவான். கேன்டீன்ல யாராவது 'டாப் ஸ்பீடு எவ்ளோ?'ன்னு வாயைத் திறந்தா, டீ ஆறிப் போற வரைக்கும் விட மாட்டான். எங்க கிளாஸ்ல அந்த ஆசாமி நான்தான்.

சொந்த ஊர் திருப்பூர். அப்பா சின்னதா பவர் டேபிள் வெச்சிருக்கார். பன்னிரண்டு மெஷின். வண்டின்னு எனக்கு முதல்ல அறிமுகமானதே, கட்டிங் பீஸை அடைச்சுக்கிட்டு ஓடுற எங்க பழைய ஆம்னிதான். எக்ஸ்போர்ட் ஓனர் வீட்டுப் பசங்க பென்ஸ்ல வந்து இறங்குவாங்க. நமக்கு அதெல்லாம் எட்டாது. ஆனா, அபிப்ராயம் சொல்றதுக்குக் காசா கேக்குறாங்க?

நான் பார்த்ததுலயே எங்க ஊருக்குன்னு அளவெடுத்துத் தெச்ச வண்டி, 2005-ல டாடா இறக்கின 'ஏஸ்'. அதாங்க, நம்ம குட்டி யானை! ரெண்டே சிலிண்டர், 700 சி.சி. டீசல் இன்ஜின்னு வந்தது. காதர்பேட்டை சந்துக்குள்ள பண்டலோட நுழைஞ்சு, திரும்பி, ஒரு கீறல் இல்லாம வெளிய வரும். அழகா இருக்கான்னு கேட்டீங்கன்னா, சத்தியமா இல்லை. எந்த வேலைக்குப் பொறந்துச்சோ அதைச் செய்யும். என்னைக் கேட்டா டிசைன்னா அதுதான். சும்மா கெடக்குற காருக்கு ஸ்பாய்லர் ஒட்டறது, காத்தே போகாத பம்பர்ல ஓட்டை மாதிரி பிளாஸ்டிக் வைக்கிறதெல்லாம் காஜா அடிக்காத சட்டைக்குப் பட்டன் தெச்ச கதை.

புதுக் கார்கள் மேல இன்னொரு புகார் இருக்கு. முன் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நிக்குதே, ஏ பில்லர், அதைச் சொல்றேன். கார் உருண்டாலும் கூரை நசுங்கக் கூடாதுன்னு அதைத் தடியாக்கிட்டாங்க. நியாயம்தான். 2014-ல குளோபல் என்கேப்காரங்க நம்ம ஊர் சின்ன கார்களை மோதவிட்டுப் பார்த்தப்ப வரிசையா ஜீரோ ஸ்டார். 2018-ல டாடா நெக்ஸான் அஞ்சு ஸ்டார் வாங்கினப்ப ஏதோ நானே பாஸானது மாதிரி ட்ரீட் வெச்சேன். ஆனா, அந்தத் தடித் தூணுக்குப் பின்னால ஒரு முழு சைக்கிள் மறைஞ்சுடும். இது புக்ல படிச்சது இல்லை.

செகண்ட் இயர் படிக்கிறப்ப மாமா புதுசா கார் எடுத்திருந்தார். 'ஒரு ரவுண்டு மாமா'ன்னு கெஞ்சி சாவியை வாங்கி, ஃப்ரெண்டை ஏத்திக்கிட்டு தாராபுரம் ரோட்டுல விட்டேன். ராத்திரி எட்டரை மணி. எங்க ஊர்ல அது 'ஒன்றரை ஷிஃப்ட்' விடுற நேரம். காலைல எட்டரைக்கு உள்ள போனவங்க அப்பதான் வெளிய வருவாங்க. ரோடு பூரா சைக்கிள், நடை, கம்பெனி வேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எங்க மெஷின்ல உக்கார்றவங்களே அப்படித்தான் வீட்டுக்குப் போறாங்க. தெரிஞ்சும் எண்பதுல போனேன்.

லேசா வலது பக்கம் ஒரு வளைவு. அந்தத் தூணுக்குள்ள இருந்து ஒரு அக்கா, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்தாங்க.

பிரேக்கை மிதிச்சேன்னு சொல்ல முடியாது... அது மேல ஏறி நின்னேன். ஏ.பி.எஸ். கால்ல கடகடன்னு அடிக்குது. வண்டி நின்னப்ப பம்பருக்கும் சைக்கிளுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். அவங்க பயத்துல சைக்கிளைக் கீழ போட்டுட்டாங்க. தூக்குப்போசி உருண்டு ரோட்டோரம் போச்சு. இறங்கி எடுத்துக் கொடுக்கணும்னுகூட எனக்குத் தோணலை. கை, கால் எதுவும் என் பேச்சைக் கேக்கலை. அவங்களே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு என் ஜன்னல்கிட்ட வந்தாங்க. அறையப் போறாங்கன்னு கண்ணை மூடிட்டேன்.

"பாத்துப் போ கண்ணு."

அவ்வளவுதான். போயிட்டாங்க. அறைஞ்சிருந்தா அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

தூக்கம் வராம கணக்குப் போட்டேன். எண்பதுல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். கண்ணு பார்த்து, மூளைக்கு உறைச்சு, கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஏறக்குறைய அந்த ஒரு செகண்ட் ஆகும். அதுக்கப்புறம் நிக்கறதுக்கு இன்னும் 35 மீட்டருக்கு மேல வேணும். நாற்பதுல வந்திருந்தா மொத்தமே 20 மீட்டர்ல நின்னிருப்பேன். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிக்குற தூரம் நாலு மடங்காகும்னு பிளஸ் ஒன்லயே படிச்சாச்சு. படிச்சது மார்க்குக்கு.

ரேஸ் ஆசை போயிடுச்சான்னு கேக்கறீங்களா? அதெப்படி போகும்! இடத்தை மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான். பல்லடம் வழியா போனா கோவைக்குப் பக்கத்துல செட்டிபாளையம். அங்கதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுத்து 2.1 கிலோமீட்டர். 'கரி'ங்கறது எஸ்.கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். அப்படிப் பார்த்தா பஞ்சு, நூல் வழில நமக்கும் சொந்தம்! வெளிநாட்டு ரேஸ் கார் வாங்கி ஓட்ட இங்க எத்தனை பேருக்கு முடியும்னு யோசிச்சு, மாருதி 800-ஓட இன்ஜினை வெச்சே ஒரு சிங்கிள் சீட்டர் ரேஸ் காரை உருவாக்கினார். அதுதான் 'ஃபார்முலா மாருதி'. உங்க பெரியப்பா கோயிலுக்குப் போற கார்ல இருந்த அதே 796 சி.சி.! 1995-ல சின்ன ரக விமானம் ஒண்ணு விழுந்த விபத்துல அவர் இறந்துட்டார். ஆனா அந்தக் கார்ல பழகி வந்த கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல ஜோர்டான் டீம்ல சேர்ந்து ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் இண்டியானாபோலிஸ்ல நாலாவதா வந்து அஞ்சு பாயின்ட். 'ஓடினதே ஆறு கார்தானே'ன்னு எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் இன்னிக்கும் நக்கல் அடிப்பான். மிஷலின் டயர் போட்டவங்க ஒதுங்கிட்டாங்க, உண்மைதான். ஆனா ரேஸ்ல கடைசி வரைக்கும் ஓட்டி முடிக்கிறதும் ஒரு வித்தைதான் மச்சி.

ஃபார்முலா மாருதில எல்லாருக்கும் ஒரே இன்ஜின். அப்புறம் எதுல ஜெயிக்கிறது? வளைவுலதான். அதுக்கு முன்னால யார் எங்க, எவ்வளவு பிரேக் பிடிக்கிறாங்கங்கறதுலதான். இதை முதல்ல கேட்டப்ப எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

ஃபைனல் இயர்ல எங்க காலேஜ் டீம் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, அதே கரி டிராக்குக்குப் போச்சு. மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் அடிச்சுக் கொண்டு வர்ற ரேஸ் கார்கள். டீம்ல எல்லாரும் இன்ஜின் வேலைக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க. நான் பிரேக் கேட்டேன். லூசான்னு பார்த்தாங்க.

அங்க ஒரு ரூல் உண்டு. வண்டி எவ்வளவு வேகம் போகும்னு யாரும் முதல்ல கேக்க மாட்டாங்க. டிரைவர் பெல்ட்டைக் கழட்டிட்டு அஞ்சு செகண்டுக்குள்ள வெளிய வரணும். வண்டியை 60 டிகிரி சாய்ச்சு ஆயில் ஒழுகுதான்னு பார்ப்பாங்க. அப்புறம் பிரேக் டெஸ்ட். வேகமா வந்து மிதிச்சா நாலு வீலும் லாக் ஆகணும், வண்டி நேர்கோட்டுல நிக்கணும். இல்லைன்னா டிராக் பக்கமே விட மாட்டாங்க.

எங்க வண்டி முதல் தடவை ஃபெயில். முன் வீல் ரெண்டும் பிடிச்சுது, பின் வீல் ஜாலியா உருண்டுக்கிட்டு வந்துச்சு. பெடல்கிட்ட இருக்குற பயாஸ் பாரைத் திருகினேன். ரெண்டாவது தடவை மூணு வீல். டீம் மொத்தமும் என்னைத்தான் பார்க்குது. ஒரு வருஷ உழைப்பு என் ஸ்பேனர்ல நிக்குது. இன்னும் அரைச் சுத்து திருகினேன். ஓட்டின ஜூனியர் பொண்ணு ஹெல்மெட்டுக்குள்ள இருந்து 'ஓகேவாண்ணா?'ன்னா. தலையை ஆட்டினேன். உள்ளுக்குள்ள உதறல்.

மூணாவது தடவை... கிரீச்! ரப்பர் கருகின வாசனை. தார்ல நாலு கறுப்புக் கோடு. பசங்க என்னைத் தூக்கிட்டாங்க. நான் அந்தக் கோட்டோட நீளத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி டீமை வேன்ல திருப்பூருக்குக் கூட்டிட்டு வந்தது நான்தான். அம்மா எல்லாருக்கும் தோசை ஊத்துறதா சொல்லியிருந்தாங்க. ஊருக்குள்ள நுழையறப்ப மணி எட்டரை. "பெரிய ரேஸ் வீரன்... மாட்டு வண்டி ஓட்டுறான் பாரு"ன்னு பின்சீட்ல இருந்து ஒரே கத்தல். முன்னால ஒரு சைக்கிள், கேரியர்ல தூக்குப்போசி ஆடுது. அது தெருவுக்குள்ள திரும்புற வரைக்கும் ஹாரன் அடிக்காம பின்னாலயே வந்தேன்.