வண்டி வரட்டும்!

நேயர்களே, புது மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுண்டா நீங்கள்? இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கல்யாணத்துக்கு நகை செய்யக் கொடுத்துவிட்டு ஆசாரி வீட்டுக்கு நடையாய் நடந்திருப்பீர்கள் அல்லவா? இரண்டும் ஒன்றுதான். "நாளைக்கு" என்ற சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள்!

2021ஆம் வருஷம். "வீட்டிலிருந்தே எழுதி அனுப்பினால் போதும்" என்று காரியாலயத்தில் சொல்லிவிட்டார்கள். நான் சென்னையை விட்டு, பிறந்த ஊரான புளியறைக்கு வந்து சேர்ந்தேன். செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஊர். வியாழக்கிழமைகளில் தட்சிணாமூர்த்தி கோயிலுக்குக் கூட்டம் வரும். மற்றக் கிழமைகளில் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். இரண்டையும் விட்டால் வயல், வயலுக்கு அப்பால் மலை.

ஊரில் இருப்பதென்றால் ஒரு வாகனம் வேண்டாமா? செப்டம்பர் ஆரம்பத்தில், அப்போதுதான் வெளியாகியிருந்த ஒரு புது மாடல் மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் பதியப் போனேன்.

"வண்டி யாருக்கு மேடம்? சாருக்கா?" என்றான் கடைப் பையன்.

"எனக்குத்தான்" என்றேன். ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆறு வாரத்துல வந்துரும்" என்றான்.

ஆறு வாரம் ஆயிற்று. தீபாவளியும் வந்து போயிற்று. போனில் கூப்பிடும்போதெல்லாம், "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துரும்க்கா" என்ற பதில்தான். மேடமாக இருந்தவள் அக்காவாகிவிட்டேன், வண்டிதான் வரவில்லை.

காரணத்தை விசாரித்தபோது வேடிக்கையாக இருந்தது. நகத்தளவு இருக்கும் ஒரு சில்லுக்குத் தட்டுப்பாடாம்! 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிக்குப் பிறகு, இஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் வேலை பெரும்பாலும் பழைய கார்புரேட்டரிடமிருந்து மின்னணு மூளைக்குப் போய்விட்டது. சக்கரம் வழுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். கருவி, 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019லிருந்தே கட்டாயம். இரண்டுக்கும் சில்லு வேண்டும். ஊரடங்கில் வண்டி யார் வாங்கப் போகிறார்கள் என்று 2020இல் பல கம்பெனிகள் சில்லு ஆர்டர்களைக் குறைத்துவிட்டன. வீட்டுக்குள் அடைபட்ட ஜனங்களோ லாப்டாப்பும் செல்போனுமாக வாங்கித் தள்ளினார்கள். சில்லுகள் அந்தப் பக்கம் போய்விட்டன. போதாக்குறைக்கு, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் பனிப்புயல். மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் கம்பெனியின் தொழிற்சாலையில் தீ. எங்கேயோ பிடித்த தீக்குப் புளியறைத் திண்ணையில் நான் புகைந்துகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு என் புலம்பல் சிரிப்பாக இருந்தது. "இந்த ஊர்க்காரிக்கு இவ்வளவு அவசரமா? நம்ம மலை ரயிலை அகலப் பாதையாக்கணும்னு 2010ல நிறுத்தினாங்க. 2018லதான் மறுபடி ஓடிச்சு. எட்டு வருஷம் நாம பொறுக்கலையா?" என்றார். பிறகு வழக்கமான ஸ்கூட்டர் புராணத்தை ஆரம்பித்தார்.

அந்தப் புராணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதைச் சர்க்கார் லைசென்ஸ்தான் தீர்மானித்த காலம் அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பத்து வருஷம் வரை காத்திருந்தவர்கள் தேசமெங்கும் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவும் 1977இல், கல்யாணமான புதிதில், ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டினார். 1984இல்தான் முறை வந்தது. அதே மாதம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கைக்கு வந்த ஸ்கூட்டரைக் கூடுதல் விலைக்கு விற்று அத்தைக்கு நகை போட்டார். பணி ஓய்வு பெறும் வரையில் சைக்கிள்தான். "ஏழு வருஷம் காத்திருந்து ஏழு நாள் கூட ஓட்டலை" என்பதோடு புராணம் முடியும். கேட்டவர்கள் அப்பாவின் தியாகத்தை மெச்சுவார்கள். நானும் மெச்சியிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள் அம்மா மூன்றாம் தடவையாக, "ஏட்டி, வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "உனக்கென்னம்மா அவ்வளவு அவசரம்?" என்றேன்.

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லை. தை பிறந்ததும் முழங்கால் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் வண்டியில ஏற முடியுமோ முடியாதோ" என்றாள், வெங்காயத்தை உரித்தபடியே.

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். 1977இல் ஸ்கூட்டருக்கு அப்பா கட்டிய முன்பணம், அம்மாவின் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து வந்தது. "வண்டி வரட்டும், உன்னை மலைமேலே எஸ் வளைவுக்குக் கூட்டிப் போய் நம்ம ஊரைக் காட்டுகிறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறாள். ஆனால் பஸ் அங்கே நிற்காது. ஜன்னலில் ஒரு நொடி பச்சையாகத் தெரியும், மறைந்துவிடும். "இறங்கி நின்னு ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை, அவ்வளவுதான்" என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"அவரே வண்டி போச்சேன்னு மருகிட்டிருந்தாரு. அதுல நான் வேறயா?"

மறுநாளிலிருந்து கடைக்குப் போன் செய்யவில்லை, நேரிலேயே போனேன். சண்டை போடவில்லை. முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேலை கார்டும் கால் வைக்கிற படியும் சேர்த்து மாட்டி வைக்கிறேன்க்கா" என்றான். மார்கழி ஐந்தாம் நாள் வண்டி வந்தது. ஆறு வாரம் பதினைந்து வாரமாக நீண்டிருந்தது.

மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அப்பாவை ஏறச் சொன்னேன். அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா சொன்னதை முந்தின இரவே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"நான் காத்திருந்தது ஏழு வருஷம். அவ நாற்பத்து நாலு வருஷம். அவளை முதல்ல கூட்டிட்டுப் போ" என்றார்.

கொண்டைமேல் தலைக்கவசம் உட்கார மறுத்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கினாள் அம்மா. முக்காலிமேல் நின்று, என் தோளைப் பிடித்து ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தாள். சாவடியைத் தாண்டி மலைப்பாதையில் மெள்ளப் போனேன். வளைவில் ஓரமாக நிறுத்தி, கைப்பிடித்து இறக்கிவிட்டேன். கீழே மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. வயல்கள், தென்னைகள், அதற்குள் எங்கோ எங்கள் வீட்டு ஓடு.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இவ்வளவு பக்கத்திலயா இருந்தது?" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மீட்டரைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய கிலோமீட்டர்கள்தான்.

சகோதரிகளே, வீட்டில் ஒருவர் பெயரில்தான் பதிவுச் சீட்டு இருக்கும். காத்திருப்பவர்கள் வேறு பேரும் இருப்பார்கள். அடுத்த தடவை எதற்காவது முன்பணம் கட்டும்போது, சீட்டில் பெயர் இல்லாதவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

தையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, தென்மலை இங்கிருந்து எவ்வளவு தூரம்?"