ஏழு மலை ஏறலாம்... இறங்கத் தெம்பு இருக்கிறதா?

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையால் பலருக்கும் தெரிந்த ஊர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நெம்மேலி. இங்கே மேடு என்றால் மணல்மேடுதான். இப்படிச் சமதரையிலேயே நடந்து பழகிய கால்கள், கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏற ஆசைப்படலாமா?

தாராளமாக ஆசைப்படலாம். அதற்குமுன், பக்கத்திலேயே இருக்கும் திருக்கழுக்குன்றத்துக்குப் போய்வர வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. வேதகிரீஸ்வரர் மலைக்கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். வாரம் ஒருமுறை ஏறி இறங்கினால், ஒரு விஷயம் புரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதையும் தொடைத் தசைதான் பிரேக் போலப் பிடித்து நிறுத்துகிறது.

வெள்ளியங்கிரி இதைவிடப் பல மடங்கு கடினம். பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கி.மீ. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதிக்கிறது. முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே பலருக்கும் வியர்த்துக் கொட்டிவிடும். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, வெண்மண் நிறைந்த விபூதி மலை, உடலைச் சில்லிட வைக்கும் ஆண்டி சுனை என ஒவ்வொன்றாகக் கடந்தால், ஏழாவது மலை உச்சியில் பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கமாகச் சிவன்.

வெயிலைத் தவிர்க்க இரவில் ஏறி, விடியலில் உச்சியைத் தொடுபவர்கள் அதிகம். தூக்கமில்லாத அந்த உடம்போடுதான், வெயில் ஏற ஏற அத்தனை மலைகளையும் இறங்க வேண்டும். உச்சியில் நிற்கும்போது பாதி வழிதான் முடிந்திருக்கிறது!

2024 சீசனில் இந்த மலையேறிய பக்தர்கள் சிலர் மூச்சுத்திணறலாலும் நெஞ்சுவலியாலும் உயிரிழந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை மறக்காமல் வாங்குங்கள். இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால். குளிருக்கு ஸ்வெட்டர், டார்ச், தண்ணீர் போதும், பிளாஸ்டிக் வேண்டாம். நான்காவது மலையிலேயே நெஞ்சு படபடத்தால், கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்காமல் திரும்பிவிடுங்கள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.